கரிசல்ல விளையுது பருத்தி, புள்ளத்தாச்சி உடம்புல பாலியஸ்டர்

சென்னையில இருந்து ஊருக்கு வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்றாங்க. “உங்களுக்கு என்ன அண்ணாச்சி, கிராமத்துப் பொம்பளைங்க இயற்கையாவே பருத்திச் சேலை கட்டிக்கிட்டு வெயிலைச் சமாளிச்சிருவாங்க. எங்க பிள்ளைங்கதான் மாசமானா எதைப் போடுறதுன்னு தெரியாம கடை கடையா அலையுது.” இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்குன்னு வரும். பட்டணத்து மக்களே, நீங்க சொல்ற அந்தக் கிராமம் சினிமாவுல இருக்கு, கடம்பூர்ல இல்ல.

சந்தேகமா இருந்தா எங்க தெருவுல ஒரு நடை நடந்து கொடியில காயுற துணியைப் பாருங்க. பத்துச் சேலையில ஒண்ணு பருத்தியா இருந்தாலே அதிசயம். மத்ததெல்லாம் பூனம், சிந்தடிக், பாலியஸ்டர் நைட்டி. இதுக்கு எங்க பொம்பளைகளைக் குறை சொல்ல முடியாது. தவணைக்காரர் வண்டியில கொண்டாந்து வாசல்ல போடுறது அதைத்தான். வாரம் அம்பது ரூபாய் கட்டினாப் போதும். சாயம் போகாது, கஞ்சி போட வேண்டாம், தேய்க்க வேண்டாம், ராத்திரி துவைச்சா காலையில காஞ்சிரும். விடிகாலையில எந்திரிச்சுச் சோறு பொங்கி வச்சிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்கோ நூறு நாள் வேலைக்கோ ஓடுற பொம்பளை எதை வாங்குவா?

மத்த நாள்ல அது பரவாயில்ல. மே 4 வாக்குல கத்திரி பிறந்தா 28 வரைக்கும் எங்க கரிசல் காடு கால் வைக்க முடியாம வெடிச்சுக் கெடக்கும். அந்த வேக்காட்டுல ஏழு மாச வயித்தோட ஒரு பிள்ளை பாலியஸ்டரைச் சுத்திக்கிட்டு அடுப்படியில நிக்கிறதை நெனைச்சுப் பாருங்க. புள்ளத்தாச்சி உடம்புல ரத்தம் சாதாரண நாளைவிட ஏறக்குறைய பாதி அளவு கூடியிருக்கும், உடம்புக்குள்ள உண்டாகுற சூடும் கூட. அந்தச் சூட்டை வெளியே தள்ள உடம்புக்கு இருக்கிற பெரிய வழி வேர்வைதான். துணி அந்த வேர்வையை வாங்கிக் காத்துல விடணும். சாதாரணக் காத்துல பருத்தி தன் எடையில நூத்துக்கு எட்டு பங்குக்கு மேல ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். பாலியஸ்டர் பிடிக்கிறது அரைப் பங்குகூட இல்ல. அப்ப வேர்வை எங்க போகும்? தோல்லயே நிக்கும். மாருக்குக் கீழ, வயித்து மடிப்புல, தொடை இடுக்குல வேர்க்குருவும் படர்தாமரையும் வர்றது அதனாலதான். அரிப்புல ராத்திரியெல்லாம் தூங்காத பிள்ளைகிட்ட “வயித்துப் பிள்ளைக்கு முடி நிறைய இருக்கு, அதான் அரிக்குது”ன்னு ஆறுதல் சொல்றாங்க. எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும்.

வெக்கைதானேன்னு லேசா விடுற காரியமும் இல்ல இது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் 2017ல ஆரம்பிச்சுத் தமிழ்நாட்டுல 800 கர்ப்பிணிகளைப் பார்த்திருக்காங்க. பாதிப் பேர் வயக்காடு, செங்கல் சூளை, உப்பளம் மாதிரி வெக்கையில வேலை பார்த்தவங்க. கரு கலையுறதும் பிள்ளை இறந்து பிறக்கிறதும் இவங்களுக்கு ரெண்டு மடங்கு அபாயம்னு தெரிய வந்துச்சு. 2024ல பேப்பர்லயும் வந்த செய்திதான். பருத்தி கட்டினா எல்லாம் சரியாப் போகும்னு நான் சொல்லல. நிழல் வேணும், தண்ணி வேணும், வேலையில ஓய்வு வேணும். ஆனா அந்த மூணையும் கேட்டு வாங்குறதுக்குள்ள பிள்ளையே பிறந்திரும். துணியை இன்னைக்கே மாத்தலாம்.

மாத்த விடாம நிக்கிறது யாருன்னா நம்ம வீட்டுப் பெரியவங்கதான். நைட்டி போட்டா “என்னளா இது, வாசல்ல ஆம்பளைங்க உக்காந்திருக்காங்க”ன்னு அதுக்கு மேல ஒரு துண்டைப் போர்த்தச் சொல்வாங்க. நல்ல பூப்போட்ட துணியா எடுத்து உடுத்தினா “கண்ணு பட்டுரும், மூடு”ன்னு சத்தம். மாசமா இருக்கிற பிள்ளை அழகா உடுத்த ஆசைப்படக் கூடாதா? பத்து மாசமும் பழைய துணியில மூலையில கெடக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?

வளைகாப்பு வந்தாலோ எல்லாம் தலைகீழ். அன்னைக்கு மட்டும் ஊரே அவளைப் பார்க்கணும். என் சின்ன மக வளைகாப்பு வைகாசியில வந்துச்சு. தகரப் பந்தல், பகல் பதினோரு மணி. ஜரிகை கனத்த பட்டுச் சேலைதான் கட்டணும்னு மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒத்தக் கால்ல நின்னாங்க. என் வீட்டுக்காரி ஒண்ணுதான் சொன்னா: “மதினி, அந்தப் பட்டை நீங்க கட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் இந்தப் பந்தல்ல உக்காருங்க. அதுக்கப்புறம் பேசுவோம்.” பேச்சு நின்னு போச்சு. மக கட்டினது அரக்குக் கலர் சுங்குடி. போட்டோவுல அவதான் லட்சணமா இருக்கா. மூணு மாசம் எங்களைப் பேசிக்கிட்டுத்தான் இருந்தாங்க, பேசட்டும்.

சுங்குடியை நான் சும்மா சொல்லல. மதுரையில, சின்னாளபட்டியில போடுற மெல்லிசுப் பருத்தி அது. உடம்புல இருக்கிறதே தெரியாது, புள்ளி வச்ச அழகு வேற. கண்டாங்கியும் பருத்திதான், ஆனா கனம், கோடையில புள்ளத்தாச்சிக்கு ஆகாது. சேலையைவிட முக்கியம் உள்பாவாடை. நாடாவை இறுக்கிக் கட்டி இடுப்புல கயித்துத் தடம் விழுந்து புண்ணாகிக் கெடக்கிறதை எத்தனை பேர் வெளியே சொல்வாங்க? நாடாவை உருவிட்டு நாலு விரல் அகலத்துக்குப் பட்டை வச்சுத் தைச்சு, வயித்துக்குக் கீழ தளர்வாக் கட்டச் சொல்லுங்க. தைக்கிறவங்களுக்குப் பத்து நிமிச வேலை.

காட்டு வேலைக்குப் போற எங்க பொம்பளைங்க புருசனோட பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல போட்டுக்குவாங்க. பட்டணத்துல இதைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. எங்க ஊர்க் காத்து வறட்டுக் காத்து, வேர்வை சட்டுன்னு காயும். அதனால வெயில்ல நிக்கும்போது தொளதொளன்னு மூடின பருத்திச் சட்டைதான் குளிர்ச்சி, கையில்லாத ரவிக்கை இல்ல. வீட்டுக்குள்ள எதை வேணும்னாலும் போட்டுக்கோங்க. அப்புறம் மெட்டி. ஏழாம் மாசத்துக்கு மேல கால் வீங்கும், இறுக்கமாகுறதுக்கு முன்னாடியே கழட்டி வைங்க, சாஸ்திரம் ஒண்ணும் குடிமுழுகாது. வீக்கம் முகத்துக்கும் கைக்கும் ஏறி, தலைவலி, கண் மங்கல்னு வந்தா அது வெயில் இல்ல, ரத்தக் கொதிப்பா இருக்கும். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்.

இனி காசுக் கணக்குக்கு வாறேன். கர்ப்பிணிகளுக்குன்னு தனியாத் தைச்ச பருத்தி உடுப்பு பட்டணத்துக் கடையில 1,500, 2,000 ரூபாய். அதுல இருக்கிற துணி 300 கிராம் தேறுமா? அதுக்கு விதையோட சேர்த்து ஒரு கிலோப் பருத்தி போதும். நடுத்தர இழைப் பருத்திக்கு 2025-26ல அரசாங்கம் குறிச்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 7,710 ரூபாய், அதாவது கிலோ 77 ரூபாய். அதுவும் முழுசா எங்க கைக்கு வந்தாத்தானே. நூல் நூற்க, நெய்ய, தைக்கக் கூலி உண்டு, ஒத்துக்கிறேன். ஆனா 77க்கும் 1,500க்கும் நடுவுல அத்தனை பேரா கஞ்சி குடிக்கிறாங்க? கோவில்பட்டியில பருத்திக்கும் சேர்த்து ஆராய்ச்சிப் பண்ணை 1901ல இருந்து இருக்கு, மில்லு அதுக்கும் முன்னாடியே வந்தாச்சு. ரெடிமேட் தைக்கிற புதியம்புத்தூர் எங்களுக்கு ஒரு மணி நேரத் தூரம். இவ்வளவு இருந்தும் இந்த மண்ணுல பருத்தி எடுக்கிற பிள்ளை மாசமாகும்போது அவ உடம்புல பருத்தி இல்ல.

முத்துலெட்சுமி ரெட்டி பேர்ல இருக்கிற மகப்பேறு திட்டத்துல 18,000 ரூபாய் உதவி தர்றாங்க, அதுல ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்தி. நல்ல காரியம். அந்தப் பெட்டகத்தோட முன்பக்கம் பொத்தான் வச்ச ரெண்டு பருத்தி நைட்டியும் வைங்க, பிரசவத்துக்கு அப்புறம் பால் கொடுக்கவும் உதவும். புதியம்புத்தூர்லயே தைக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் கோடையில ஊருக்கு வர்ற சொந்தக்காரங்க மாசமா இருக்கிற பிள்ளைக்கு ஸ்வீட் பாக்ஸ் தூக்கிட்டு வராதீங்க, எங்க ஊர்ல போளி தாராளமாக் கிடைக்கும். ரெண்டு மீட்டர் மல் துணி வாங்கிட்டு வாங்க.