வெள்ளத்தை அறிந்தவர்களைக் கேளுங்கள்!

கடற்கரையில் வெள்ளத் தடுப்புத் திட்டம் என்றால் ஆட்சியாளர்களுக்கு இஞ்சினீயரும் காண்டிராக்டரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அந்த மண்ணிலேயே பிறந்து, நாற்று நட்டு, வலை வீசிப் பிழைக்கும் ஏழை நினைவுக்கு வருவதில்லை. இதன் பலன் என்ன? வங்காள தேசத்தைப் பார்ப்போம்.

குல்னா, ஜெஸ்ஸூர் ஜில்லாக்களின் விவசாயிகள் முன்னாளில் வருஷத்தில் எட்டு மாதம் மண்கரை கட்டிப் பயிரைக் காத்தார்கள். பிறகு கரையைத் திறந்துவிட்டார்கள். கடல் ஏற்றத்தில் தாழ்நிலத்தில் புகுந்த நீர் அங்கே வண்டலைப் போட்டது. வடியும்போது ஆற்றை அரித்து ஆழமாக்கியது.

1960-களில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில், அமெரிக்க உதவியுடன் நிரந்தரக் கரைகளும் மதகுகளும் கட்டப்பட்டன. சில காலம் விளைச்சல் பெருகியது உண்மை. ஆனால் வயலில் படிய வேண்டிய வண்டல் ஆற்றிலேயே தங்கியது. ஆறு மேடாயிற்று, வயல் பள்ளமாயிற்று. 1980-களில் மழைநீர் வடிய வழியின்றிக் கிராமங்கள் தண்ணீரில் கிடந்தன.

1990-ல் டகாட்டியா தாழ்நிலத்தில் ஜனங்களே திரண்டு கரையை வெட்டினார்கள். 1997-ல் பாய்னாவிலும் வெட்டினார்கள். அங்கே சுமார் நான்கு வருஷம் ஏற்ற நீர் வந்துபோயிற்று. நிலம் உயர்ந்தது, ஹரி ஆறு ஆழமாயிற்று. வங்கிக் கடனில் மேலும் மதகு கட்ட நினைத்த நிபுணர்கள் கடைசியில் ஜனங்களின் முறையையே ஏற்க நேர்ந்தது!

முறையை எடுத்துக்கொண்டார்கள், முறைக்கு உரியவர்களை மறந்தார்கள். நிலத்தில் வருஷக்கணக்கில் தண்ணீர் நிற்கும்போது விவசாயி எதைச் சாப்பிடுவான்? நஷ்டஈட்டுக்குப் பத்திரம் கேட்டார்கள். பணம் பலருக்குக் கிடைக்கவில்லை. நிலமே இல்லாத கூலியாளின் கதி என்ன? 2012-ல் கபாலியாவில் விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள், வேலை நின்றது.

பாடம் தெளிவானது. உழைப்பாளியின் அனுபவத்தைக் கேட்டால் மட்டும் போதாது. அவன் வயிற்றுக்கும் வழி சொல்ல வேண்டும். வெள்ளத்தில் வேலை இழந்த கூலியாள் நாளை ஆலை வாசலில் வந்து நிற்பான். ஆகவே இது ஆலைத் தொழிலாளியின் பிரச்சினையும்தான்.

நமது கடற்கரையிலும் எந்தக் கரைக்கும் மதகுக்கும் திட்டம் தீட்டுமுன் கிராமத்தில் கூட்டம் கூட்டுக! திட்டக் கமிட்டியில் மீனவருக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இடம் தருக! வேலை இழப்போருக்கு, பத்திரம் இல்லாவிட்டாலும், நஷ்டஈடு வழங்குக! இக்கோரிக்கைகளுக்காக ஆலையும் வயலும் ஒன்றுபட்டுக் குரல் கொடுக்கட்டும்!