பாதியில் மூடிய புத்தகம்

சென்ற இதழில் வெளியான கட்டுரையின் வாதம் இதுதான்: ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று போதித்த மதத்தில் காலைக் காப்பிக்கும் இடமில்லை, பிள்ளையின் முத்தத்துக்கும் இடமில்லை; அது வாழ்க்கையைக் கண்டு மிரண்டவர்களின் மதம். இவ்வளவு பெரிய தீர்ப்புக்கு ஆதாரமாகப் புத்தரின் வாழ்விலிருந்து ஒரே ஒரு சம்பவத்தைத்தான் கட்டுரையாளர் காட்டுகிறார். அதையும் பாதியில் வெட்டிவிட்டார். தெரிந்தே வெட்டினாரா, பாதிவரைதான் படித்தாரா என்று எனக்குத் தெரியாது. எப்படியிருந்தாலும் வாசகருக்கு நேர்ந்தது அநியாயம்தான்.

சம்பவம் மஜ்ஜிம நிகாயம் என்ற பௌத்த நூலில் இருக்கிறது. சாவத்தி நகரத்தில் ஒரே மகனைப் பறிகொடுத்த ஒருவர் வேலை வெட்டியை விட்டு, சோறு தண்ணீரை மறந்து, சுடுகாட்டுக்கே போய்ப் போய் அழுகிறார். அந்த நிலையில் புத்தரிடம் வருகிறார். அன்புக்குரியவர்களிடமிருந்தே துயரமும் பிறக்கிறது என்கிறார் புத்தர். அன்புக்குரியவர்கள் தருவது மகிழ்ச்சி அல்லவா என்று கோபப்பட்டு அந்தத் தகப்பன் எழுந்து போய்விடுகிறார். கட்டுரையாளர் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, கல்நெஞ்சம் என்று எழுதுகிறார்.

மூடாமல் படித்திருந்தால் இவ்வளவும் தெரிந்திருக்கும். அந்தத் தகப்பன் நேராகச் சூதாடிகள் கூடியிருந்த இடத்துக்குப் போகிறார். நீங்கள் சொல்வதுதான் சரி என்று அவர்கள் தலையாட்டுகிறார்கள். பேச்சு பரவி அரண்மனைக்கு எட்டுகிறது. கோசல மன்னன் பசேநதி தன் மனைவி மல்லிகையிடம் உன் குரு இப்படிச் சொன்னாராமே என்று சீறுகிறான். அவர் சொன்னதென்றால் அது சரிதான் என்கிறாள் அவள். குரு எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறாய் என்று மன்னன் அவளை விரட்டுகிறான். மல்லிகை வாதாடவில்லை. நாளிஜங்கன் என்ற பிராமணரைப் புத்தரிடம் அனுப்பி நடந்ததை உறுதி செய்துகொள்கிறாள். பிறகு கணவனிடம் வந்து கேட்கிறாள்: மகள் வஜிரி உங்களுக்குப் பிரியமானவளா? அவளுக்கு ஏதாவது நேர்ந்தால் என்ன ஆவீர்கள்? மகன் விடூடபனுக்கு? எனக்கு? காசி, கோசல நாடுகளுக்கு? ஒவ்வொரு கேள்விக்கும் மன்னனின் பதில் ஒன்றே. என் உயிரே தடுமாறிப் போகும். துயரம் வராமல் எப்படி இருக்கும்? இதைத்தான் அவர் சொன்னார் என்கிறாள் மல்லிகை. மன்னன் எழுந்து புத்தர் இருந்த திசை நோக்கிக் கைகூப்புகிறான்.

இதில் எங்கே இருக்கிறது அன்பு செலுத்தாதே என்ற கட்டளை? மன்னன் மகளைத் துறக்கவில்லை, மனைவியைத் துறக்கவில்லை, நாட்டையும் துறக்கவில்லை. துறக்கும்படி யாரும் அவனிடம் சொல்லவுமில்லை. அன்பு எந்த நிலத்தில் நிற்கிறது என்பதைக் கண் திறந்து பார்க்கச் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் இருந்த விடூடபனே பின்னாளில் தகப்பனின் அரியணையைப் பறித்தான் என்றும், மன்னன் ராஜகிருகத்தின் கோட்டைவாசலுக்கு வெளியே உயிர்விட்டான் என்றும் உரை மரபு சொல்கிறது. மல்லிகையின் கேள்விகளில் இருந்த உண்மையைக் கல்நெஞ்சம் என்பவர் அன்பை அறிந்தவர் அல்லர். இழப்பைப் பற்றி நினைக்கவே அஞ்சுகிறவர்.

இன்னொரு தம்பதியைப் பற்றியும் அவர் படித்திருக்க வேண்டும். பக்கர் என்ற குலத்தாரின் நாட்டில் நகுலபிதா, நகுலமாதா என்ற இருவர் புத்தரிடம் வந்து, இந்தப் பிறவியிலும் மறுபிறவியிலும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்க ஆசைப்படுகிறோம் என்கிறார்கள். கட்டுரையாளர் வரைந்திருக்கும் புத்தராக இருந்தால் அவர்களைக் கடிந்து விரட்டியிருக்க வேண்டும். நிஜமான புத்தர் வழி சொன்னார். நம்பிக்கையிலும் ஒழுக்கத்திலும் ஈகையிலும் அறிவிலும் இருவரும் ஒத்திருங்கள், அது நடக்கும் என்றார்.

அடுத்து அவர் பெரிதாக முழங்கும் வாதம்: நிர்வாணம் வேண்டும் என்பதும் ஆசைதானே, ஆசையால் எப்படி ஆசையை ஒழிப்பது? இதை யாரும் கேட்கத் துணியாத கேள்விபோல் எழுதியிருக்கிறார். கோசாம்பியில் கோசிதாராமம் என்ற சோலையில் உண்ணாபன் என்ற பிராமணர் இதே கேள்வியைப் புத்தரின் சீடர் ஆனந்தரிடம் கேட்டுவிட்டார். ஆனந்தர் திருப்பிக் கேட்டார்: இந்தச் சோலைக்கு வரவேண்டும் என்று உமக்கு ஆசை இருந்ததல்லவா? வந்து சேர்ந்த பின் அந்த ஆசை எங்கே? அடங்கிவிட்டது என்று ஒப்புக்கொண்டார் பிராமணர். எல்லா விருப்பமும் ஒரே சரக்கு அல்ல என்பது இதிலேயே இருக்கிறது. அடைந்ததும் தணிகிற விருப்பம் ஒன்று. அடைய அடைய மூளுகிற வேட்கை வேறு. புத்தரின் முதல் பேருரையில் துன்பத்தின் வேர் என்று சுட்டப்பட்டது இரண்டாவதுதான். அந்த வேட்கையின் வகைகளில் இல்லாமல் போய்விட வேண்டும் என்ற தவிப்பையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார் புத்தர். வாழ்வை அழித்துக்கொள்ளும் விருப்பத்தையே நோய் என்று சொன்ன ஒருவரை வாழ்வின் எதிரி என்பது அவதூறு.

புத்தர் இன்பத்துக்கு அஞ்சியவரும் அல்லர். உடலை வதைத்து எலும்பும் தோலுமான நாட்களில் அவருக்குச் சிறுவயது நினைவு ஒன்று வந்தது. தகப்பன் வேலையில் இருந்தபோது நாவல் மரநிழலில் தனியே உட்கார்ந்து அனுபவித்த அமைதியான மகிழ்ச்சி அது. புலனாசையும் தீமையும் கலக்காத அந்த இன்பத்துக்கு நான் ஏன் பயப்பட வேண்டும் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அதன்பின் பட்டினியை விட்டு உணவு கொண்டார். இன்பத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை என்ற தெளிவு அவர் ஞானம் பெற்ற வழியிலேயே இருக்கிறது.

குடும்பஸ்தர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்பது அடுத்த குற்றச்சாட்டு. கோலிய குலத்துத் தீகஜாணு இதைக் கூச்சமில்லாமல் நேரடியாகவே கேட்டார். நாங்கள் பிள்ளைகுட்டிகளோடு வாழ்கிறவர்கள், காசிச் சந்தனம் பூசுகிறோம், மாலை சூடுகிறோம், பொன்னும் வெள்ளியும் புழங்குகிறோம், எங்களுக்கு ஏற்றதைச் சொல்லுங்கள் என்றார். சந்தனத்தைத் துடைத்துவிட்டு வா என்று புத்தர் சொல்லவில்லை. தொழிலில் திறமையும் உழைப்பும், ஈட்டியதைக் காக்கும் கவனம், நல்லவர் நட்பு, வரவுக்கு ஏற்ற செலவு என்றார். ஊதாரித்தனத்தைக் கண்டித்த அதே மூச்சில் கருமித்தனத்தையும் கண்டித்தார். வணிகரான அனாதபிண்டிகரிடம் பொருள் உடைமை, அதைத் துய்த்தல், கடனில்லாமை, பழியில்லாமை என இல்லறத்தானுக்கு நான்கு சுகங்களைச் சொன்னார். அவற்றில் பழியற்ற வாழ்வின் சுகத்துக்கு முன் மற்ற மூன்றும் மிகச் சிறியவை என்றும் சொன்னார். அதை நான் மறைக்கவில்லை. துறவிகளுக்கு விதித்தவை கடுமையானவை என்பதும் உண்மை. துறவியின் விதியை எடுத்து எல்லாருடைய தலையிலும் கட்டியதுதான் கட்டுரையாளர் செய்த பிழை.

பௌத்தம் முயற்சியைக் கொன்றது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். ஆனால் உழைப்பாளிகளும் வணிகர்களுமே பௌத்தத்தைத் தாங்கினார்கள்: சாஞ்சித் தூபியின் தெற்கு வாயிலில் விதிசையின் தந்தவேலைக்காரர்கள் தங்கள் பங்களிப்பைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். காவிரிப்பூம்பட்டினத்திலும் நாகப்பட்டினத்திலும் விகாரைகள் எழுந்தது கப்பலும் சரக்கும் வந்து இறங்கிய துறைகளில்.

எனக்குப் பொறுக்க முடியாத வரி கட்டுரையின் கடைசியில் வருகிறது. இல்லாதவனைத் திருப்தியாக இருக்கச் சொல்லும் தத்துவமாம் இது. இல்லாதவனிடம் ஆசைப்படாதே என்று சொல்லும் தந்திரத்தை நானும் வெறுக்கிறேன். புத்தர் அதைச் சொல்லவில்லை. உலக வாழ்வில் இருப்பவனுக்கு வறுமை துன்பம், கடன் துன்பம் என்று வெளிப்படையாகவே சொன்னார். கூடதந்த சூத்திரத்தில் கொள்ளையை ஒடுக்க மன்னனுக்குச் சொல்லப்படும் வழி தண்டனை அல்ல: உழவனுக்கு விதை, வணிகனுக்கு முதல், ஊழியனுக்குக் கூலி.

1898இல் அயோத்திதாசர் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியபோதும், கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் அதன் கிளை செயல்பட்டபோதும், 1956இல் நாகபுரியில் அம்பேத்கரோடு லட்சக்கணக்கானோர் மதம் மாறியபோதும் அவர்கள் தேடிப்போனது படிப்பு, மரியாதை, நிமிர்ந்து நடக்கும் உரிமை. இருப்பது போதும் என்று ஒடுங்கவா அவர்கள் புத்தரிடம் போனார்கள்? அவர்கள் ஏற்ற நெறிக்கு மிரண்டவர்களின் மதம் என்று பெயர் வைத்த கட்டுரையாளர், மல்லிகையின் கேள்விகளைத் தன் வாசகர்களிடமிருந்து ஏன் மறைத்தார் என்பதற்கு அடுத்த இதழில் பதில் எழுதட்டும்.