அரசு மாத்திரை மட்டமா? வயதானவர்களின் பி.பி. மாத்திரை பற்றி ஒரு த்ரெட்

1/ "ஏனுங்க டாக்டர், அம்மாவுக்கு நர்ஸ் வீட்டுக்கே வந்து மாத்திரை குடுக்கறாங்க. அது கவர்மெண்ட் மாத்திரை. நீங்க நல்லதா ஒண்ணு எழுதிக் குடுங்க." கோவைல ஓ.பி. பார்க்கற எந்த டாக்டரும் வாரம் ஒரு தடவையாவது இதைக் கேட்டிருப்பார். அந்த "நல்லதா ஒண்ணு" பத்திதான் இந்த த்ரெட்.

2/ அன்னூர் பக்கம் ஒரு ஆத்தா, எழுபது வயசுக்கு மேல (அடையாளங்களை மாத்தியிருக்கேன்). விடியக்காலம் கட்டில்ல இருந்து எந்திரிச்சவங்க கண்ணு இருட்டி விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு முறிவு. மகன் ரெண்டு மாத்திரைப் பையைக் கொண்டு வந்து மேசைல வெச்சார்.

3/ முதல் பைல அரசு குடுத்த ஆம்லோடிபின் 5 மி.கி. ரெண்டாவது பை தனியார்ல வாங்கினது. அட்டைல வேற பேரு. திருப்பிப் பொடி எழுத்தைப் படிச்சா டெல்மிசார்டன் 40 + ஆம்லோடிபின் 5. "ரெண்டும் வேற வேறதானுங்களே"ன்னு ஆத்தா தினமும் ரெண்டையும் போட்டிருக்காங்க. ஆம்லோடிபின் இரட்டிப்பு, அதுக்கு மேல டெல்மிசார்டன்.

4/ ரெண்டு டாக்டரும் எழுதினது சரியான மருந்துதான். ஆனா ஒருத்தர் குடுத்த பையை இன்னொருத்தர் பார்க்கலை.

5/ இப்போ கேள்விக்கு வர்றேன். அரசு மாத்திரை மட்டமா? இல்லை. 2021 ஆகஸ்ட்ல தொடங்கின "மக்களைத் தேடி மருத்துவம்" மூலமா வீட்டுக்கு வர்ற ஆம்லோடிபின், உலகம் முழுக்க முதல் வரிசைல இருக்கற மருந்து. விலை குறைவுங்கறதால வீரியம் குறைவுன்னு அர்த்தம் இல்லை.

6/ சரி, மருந்துக்கு மருந்து வித்தியாசம் இல்லையா? இதை உலகம் பெரிய அளவுல சோதிச்சுப் பார்த்திருக்கு. 2002ல அமெரிக்காவில் வெளியான ஆல்ஹாட் ஆய்வு. 55 வயது தாண்டின 33,357 பேருக்கு குளோர்தாலிடோன், ஆம்லோடிபின், லிசினோபிரில் மூணுல ஒண்ணைக் குடுத்தாங்க. மாரடைப்பைப் பொறுத்தவரை மூணுக்கும் வித்தியாசம் இல்லை. இதயச் செயலிழப்பைத் தடுக்கறதுல பழைய, மலிவான குளோர்தாலிடோன் முந்திச்சு.

7/ "அது வெள்ளைக்காரன் உடம்புங்க"ன்னு சொல்றீங்களா? 2024ல வெளியான டாப்ஸ்பின் ஆய்வு நம்ம இந்தியாவில் 1,981 பேரை வெச்சு நடந்தது. இரண்டிரண்டு மருந்தா மூணு ஜோடிகளை ஒப்பிட்டாங்க. மூணு ஜோடியும் ஏறக்குறைய ஒரே அளவு பி.பி.யைக் குறைச்சுது. (இதுல எல்லா வயசுக்காரங்களும் உண்டு, முதியவர்கள் மட்டும் இல்லை.)

8/ அப்போ டாக்டர் எதைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுக்கறார்? உங்க உடம்பைப் பார்த்து. பெரும்பாலும் பக்க விளைவுலதான் வித்தியாசம்.

ஆம்லோடிபின்: சிலருக்குக் கணுக்கால் வீங்கும். இது மருந்தோட வேலை, கிட்னி போச்சுன்னு அர்த்தம் இல்லை. வீக்கத்துக்குன்னு தனியா நீர் மாத்திரை போட ஆரம்பிச்சா அதுல இருந்து புதுப் பிரச்சினை கிளம்பும். டாக்டர்கிட்ட சொன்னா அளவைக் குறைப்பார், இல்ல மாத்துவார்.

9/ எனலாபிரில்: சிலருக்கு வறட்டு இருமல் வரும். மாசக்கணக்குல இருமல் டானிக் குடிக்கறவங்க பி.பி. மாத்திரை அட்டையை ஒரு தடவை பாருங்க.

டெல்மிசார்டன், லோசார்டன்: இருமல் குறைவு. சர்க்கரை நோயோட சிறுநீர்ல புரதம் போறவங்களுக்கு நல்லது. ஆனா ஆரம்பிச்ச சில வாரத்துல கிரியாட்டினின், பொட்டாசியம் பார்க்கணும்.

10/ நீர் மாத்திரை (குளோர்தாலிடோன், இன்டபமைடு): நல்ல மருந்து. ஆனா வயசானவங்களுக்கு, அதுலயும் பெண்களுக்கு, ரத்தத்துல சோடியம் இறங்கலாம். சித்திரை வெயில்ல பாட்டி திடீர்னு ஒளறினா "வயசாயிடுச்சு"ன்னு விட்டுடாதீங்க. சோடியம் பாருங்க.

11/ அட்டெனோலால்: மாரடைப்பு வந்தவங்க, இதயத்துடிப்புப் பிரச்சினை இருக்கறவங்களுக்கு இந்த வகை மருந்து தேவைப்படும். வெறும் பி.பி.க்கு, அறுபது தாண்டினவங்களுக்கு இது முதல் தேர்வு இல்லை. 2002ல வந்த லைஃப் ஆய்வுல, லோசார்டன் எடுத்தவங்களுக்கு அட்டெனோலால் எடுத்தவங்களைவிடப் பக்கவாதம் 25% குறைவு. அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க. சட்டுனு நிறுத்தினா நெஞ்சுவலியே வரலாம்.

12/ "எண்பது வயசுக்கு மேல எதுக்குங்க மாத்திரை?" எண்பது தாண்டின 3,845 பேரை வெச்சு நடந்த ஹைவெட் ஆய்வு 2008ல பதில் சொல்லிடுச்சு. இன்டபமைடும், தேவைப்பட்டா பெரிண்டோபிரிலும் எடுத்தவங்கள்ல இறப்பு 21% குறைஞ்சுது. அவங்க வெச்ச இலக்கு 150/80. அதுல சேர்ந்தவங்க ஓரளவு திடமானவங்க. படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு, அடிக்கடி விழறவங்களுக்குக் கணக்கு வேற.

13/ நம்ம ஊர்ல இன்னொரு வில்லன் மூட்டுவலி மாத்திரை. காடு தோட்டத்துல உழைச்ச முட்டி, வலிக்கத்தான் செய்யும். ஆனா டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் எல்லாம் பி.பி.யை ஏத்தும். டெல்மிசார்டன், நீர் மாத்திரை ரெண்டோட இதுவும் சேர்ந்தா கிட்னிக்கு அடி. மெடிக்கல்ல சொல்லி வாங்கிப் போட்டுக்காதீங்க.

14/ ஒரு நியாயத்தையும் சொல்லிடறேன். தனியார்ல எழுதற கூட்டு மாத்திரை வீண் இல்லை. ரெண்டு மருந்து தேவைப்படறவங்களுக்கு ஒரே மாத்திரையா இருந்தா மறக்காம போடுவாங்க. அதைத் தேர்ந்தெடுத்தா அதையே போடுங்க. அரசு மாத்திரையோட சேர்த்துப் போடாதீங்க.

15/ மகன்களுக்கும் மகள்களுக்கும் இந்த வார வேலை:
• வீட்டுல இருக்கற எல்லா மாத்திரையையும் ஒரே பைல போட்டு ஒரே டாக்டர்கிட்ட காட்டுங்க. வலி மாத்திரை, நாட்டு மருந்து உட்பட.
• பி.பி.யை உக்காந்து ஒரு தடவை, எந்திரிச்சு நின்னு ஒண்ணு, மூணு நிமிஷத்துல மறுபடியும் பார்க்கச் சொல்லுங்க. மேல் அளவு 20 இறங்கினா டாக்டருக்குத் தெரியணும்.
• வாந்தி, வயித்தால போகுதுன்னா அன்னிக்கே போன் பண்ணுங்க. சில மாத்திரையைத் தற்காலிகமா நிறுத்த வேண்டி வரும்.
• காலையா ராத்திரியா? பிரிட்டன்ல 21,104 பேரை வெச்சு நடந்த டைம் ஆய்வு (2022) வித்தியாசம் இல்லைன்னு சொல்லிடுச்சு. மறக்காத நேரமே நல்ல நேரம்.

16/ டாக்டர் நண்பர்களுக்கும் ஒண்ணு. கூட்டு மாத்திரை எழுதும்போது "பி.எச்.சி. மாத்திரையை நிறுத்தவும்"னு ஒரு வரி தமிழ்ல எழுதுங்க. வர்ற நர்ஸ்கிட்டயும் சொல்லச் சொல்லுங்க. எழுத பத்து செகண்ட் ஆகும்.

17/ அந்த ஆத்தா இப்போ வாக்கர் பிடிச்சு நடக்கறாங்க. போடறது ஒரே பை, பி.பி. கட்டுக்குள்ள இருக்கு. போன தடவை வந்தப்போ கேட்டாங்க: "ஏஞ்சாமி, இதை மொதல்லயே யாராச்சும் சொல்லியிருக்கலாமல்லோ?"

உங்க வீட்டு ஆத்தாவுக்கு, அப்பாருக்கு நீங்க சொல்லிடுங்க.