கணிப்பொறிக்கு மாடு காட்டுவது யார்?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

அந்தியூர் குருநாதசுவாமி கோவில் ஆடித் திருவிழாச் சந்தையில் மாடு வாங்க வருகிறவர் சுழி பார்ப்பார். பல் பிடித்துப் பார்ப்பார். கொம்பையும் திமிலையும் பார்ப்பார். பிறகு, "இது இன்ன ஊர் வர்க்கம்" என்று சொல்லிவிடுவார். அந்தக் கண்ணுக்குப் பட்டம் இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். மற்றவர்கள் எல்லோரும் மாட்டைப் படித்தவர்கள்.

ஆயினும் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. காங்கேயம் கன்று சிவப்பாகப் பிறந்து ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பல் நிறம் கொள்கிறது. காவிரிக் கழிமுகத்து உம்பளாச்சேரிக் கன்றும் அப்படித்தான். இரண்டு கன்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டினால் யாருமே திகைப்பார்கள். பாட்டன் ஜெர்சிக் காளையாக இருந்து அடுத்தடுத்த தலைமுறைகள் நாட்டு மாட்டோடு சேர்ந்தால், தோலைப் பார்த்து அந்த உறவைச் சொல்வது அரிது.

ஆகவே டி.என்.ஏ.வைக் கேட்போம் என்கிறது அறிவியல். மாட்டின் முழு மரபுத் தொகுதி 2009இல் வெளியிடப்பட்டது. அதில் மாட்டுக்கு மாடு ஒரே ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும் இடங்கள் பல லட்சம் உண்டு. இவையே மரபுக் குறிப்பான்கள். ஒவ்வோர் இடத்திலும் குறிப்பிட்ட எழுத்து இருக்கிறதா, ஒரு பிரதியா, இரண்டா என்று பார்த்து 0, 1, 2 என எழுதினால் ஒரு மாடு ஒரு நீண்ட எண் வரிசையாகிவிடும். இனம் தெரிந்த பல மாடுகளின் வரிசைகளைக் கணிப்பொறிக்குக் கொடுத்தால், எந்த இடங்கள் இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன என்பதை அதுவே பழகிக்கொள்ளும். இதுதான் எந்திரக் கற்றல். பல்லாயிரம் இடங்களில் சில நூறே போதும் என்றும் அது பொறுக்கித் தரும். செலவும் குறையும். நல்ல காரியம்தான், நான் இதற்கு எதிரி அல்லன்.

என் கேள்வி வேறு. "இனம் தெரிந்த மாடு" என்றோமே, அதை அறிந்து சொன்னது யார்? சந்தைக்காரரும் பட்டிக்காரருமே அன்றோ! அவர் சொல்லைத்தான் எந்திரம் பாடமாகப் படிக்கிறது. ஒரே பண்ணையில் அண்ணன் தம்பி மாடுகளாகப் பிடித்து ரத்தம் எடுத்தால், எந்திரம் இனத்தைக் கற்காது. அந்தப் பண்ணையின் குடும்பத்தையே கற்கும். காங்கேயம், உம்பளாச்சேரி, ஓங்கோல் மூன்றை மட்டும் கற்ற எந்திரத்திடம் பர்கூர்ச் செம்மறையைக் காட்டினால், "தெரியாது" என்று சொல்லும்படி நாம் அமைத்திராவிட்டால், அந்த மூன்றில் ஒன்றைத் துணிந்து சொல்லிவிடும். பரீட்சையில் நம்மில் சிலர் செய்வதுபோல!

உலகெங்கும் பயன்பட்ட, சுமார் 54,000 குறிப்பான்கள் கொண்ட சில்லில் பெரும்பாலான இடங்கள் ஐரோப்பிய மாடுகளைக் கொண்டு தெரிந்தெடுக்கப்பட்டவை. அதனால் நம் திமில் மாடுகளின் வேற்றுமை அதில் குறைவாகவே தெரிந்தது. ஐதராபாத்திலுள்ள தேசிய விலங்கு உயிரித் தொழில்நுட்ப நிறுவனம் 2021இல் 'இண்டிகவ்' என்ற சில்லைக் கொண்டுவந்தது வரவேற்கத்தக்கது.

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பு, நாட்டினங்களையும் இனம் வகுக்க இயலாதவற்றையும் சேர்த்து 14 கோடியே 21 லட்சம் மாடுகள் என்றது. இவற்றுள் எத்தனைக்குப் பெயர் கிடைக்கும் என்பது யாருடைய மாடு மாதிரிக்கு எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. சாலையோரப் பண்ணைக்கு ஜீப் போகும். மலைப் பட்டிக்கு நடந்துதான் போகவேண்டும்.

பட்டியே கலைந்துவிட்டால்? சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் கால்நடை மேய்ச்சலுக்கு 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2024இல் பர்கூர் மலைக் காடுகள் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயத்துள் வந்தன. மேய்ச்சல் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் ஏற்கிறது. காட்டில் மேய்ந்து வளரும் செம்மறையைத் தொழுவத்தில் கட்டித் தீனி வாங்கிப் போட ஏழைப் பட்டிக்காரரால் ஆகுமா? மாடு விற்றுப் போனபின் அதன் மரபுக் குறிப்பான் நம் கணிப்பொறியில் பத்திரமாக இருந்து யாருக்கு என்ன பயன்?

நம் கல்லூரியில் விலங்கியல் துறையும் கணிப்பொறித் துறையும் ஒரே மாடியில் இருந்தும் ஒன்றையொன்று எட்டிப் பார்ப்பதில்லை. வரும் ஆடியில் இரு துறை மாணவரும் சேர்ந்து அந்தியூர் போகலாம். கையில் ஒரு படிவம் போதும். மாட்டின் உயரம், கொம்பு அளவு, நிறம் எல்லாம் பிறகு. முதல் கட்டத்தில் அதை வளர்த்தவர் எந்த இனம் என்கிறார், எதை வைத்துச் சொல்கிறார் என்று அவர் சொற்களிலேயே எழுதுவோம். ஆசிரியர்கள் அனுமதி தந்தால் பஸ் கட்டணத்தை நாங்களே போட்டுக்கொள்கிறோம்.