ஊர்த் துன்பத்துக்கு ஓர் ஓவிய நடுகல்

மறக்கக் கூடாதவற்றைக் கல்லில் எழுதி ஊர்ப்புறத்தே நாட்டியவர் தமிழர். ஆநிரை மீட்கச் சென்று வீழ்ந்தவனுக்கும், ஊர்காக்கப் பொருது மாண்டவனுக்கும் நடுகல் எழுந்தது. செங்கம் பகுதி நடுகற்களைக் கண்டோர் அறிவர்: படைக்கலம் ஏந்திய மறவனின் உருவம் அவற்றில் இருக்கும், அவன் பெயரும் செயலும் வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருக்கும். உருவமும் எழுத்தும் ஒருங்கே நின்று பேசும். நடுகல்லுக்குரிய துறைகளைக் கூறப்புகுந்த தொல்காப்பியர் முதற்கண் வைத்தது, தக்க கல்லைத் தேடிக் காணும் 'காட்சி' என்பதையே.

ஓவியர் பலர் ஒன்றுகூடி, தம் காலத்து இடரைப் பொருளாகக் கொண்டு நடத்தும் ஓவியக் காட்சியும் இம்மரபில் வைத்தே எண்ணத்தக்கது. செல்வர் வீட்டுச் சுவருக்கு அழகுப்பொருள் தேடித் தருவதோடு அதன் கடமை முடிந்துவிடாது. ஊர் பட்ட பாட்டை ஊருக்கே நினைவூட்டிக் காப்பது அதன் தலையாய பணியாகும்.

இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943ஆம் ஆண்டில், வங்கத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. இலக்கக்கணக்கான மக்கள் மாண்டனர். கல்கத்தாத் தெருக்களில் சோறின்றி விழுந்தாரைச் சைனுல் ஆபிதீன் என்னும் ஓவியர் மலிவான தாளில் கருமை தோய்த்து வரைந்தார். சித்தபிரசாத்து என்பார் பஞ்சம் சூழ்ந்த ஊர்களை நேரிற் கண்டு, வரைந்து, நூலாக்கினார். அந்நூற்படிகளை ஆங்கில ஆட்சி பறித்து அழித்தது. பசியைத் தடுக்க விரையாத ஆட்சி பசியின் படத்தைத் தடுக்க விரைந்தது! ஓவியத்தின் ஆற்றலுக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அதே ஆண்டில் கல்கத்தாவில் ஓவியரும் சிற்பியரும் கூடிக் கல்கத்தாக் குழுவை அமைத்தனர். கொழும்பில் 'நாற்பத்து மூன்று குழு' தோன்றியது. மறு ஆண்டாகிய 1944இல் சென்னையில் கே.சி.எசு. பணிக்கரும் அவர்தம் தோழரும் முற்போக்கு ஓவியர் கழகத்தைத் தோற்றுவித்தனர். போரும் பசியும் உலகை அலைக்கழித்த அந்நாளில் ஓவியர் தனியறை விட்டு வெளிவந்து கைகோத்தனர் என்பது எண்ணிப் போற்றற்குரியது.

அக்கைகோப்பின் பெரும்பயன் விளைந்த இடம் தென்சென்னைப் புறநகரே. கலைக் கல்லூரியின் முதல்வராயிருந்த பணிக்கர், தம் மாணவரையும் தோழரையும் சேர்த்துக்கொண்டு 1966ஆம் ஆண்டில் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரை மணலில் சோழமண்டல ஓவியர் சிற்றூரை நிறுவினார். ஓவியம் விற்று உண்ணல் அரிதாயிருந்த காலம் அது. பாத்திக்கு எனப்படும் மெழுகுச் சாயவேலை முதலிய கைத்தொழில்களை அவர்கள் மேற்கொண்டனர். கைவினைப் பொருளால் வந்த பணத்தைக் கொண்டு ஏறத்தாழ 10 ஏக்கர் நிலத்தை வாங்கினர். பகலில் வயிற்றுக்குத் தொழில், எஞ்சிய பொழுதில் நெஞ்சுக்கு ஓவியம் என வாழ்ந்தனர். தென்னாட்டு மொழியினர் பலரும் கூடி வாழ்ந்த அவ்விடத்துக்குச் சோழர்தம் நிலப்பெயரே பெயராயிற்று. கூடி உழைப்பின் ஓவியர் எவர் வாயிலிலும் காத்துக்கிடக்க வேண்டுவதில்லை என்பதற்கு அச்சிற்றூர் கண்கூடான சான்றாகும்.

ஆயினும், ஓவியர் கூடி நிற்றல் ஒரு பாதியே. எங்கு நிற்பது, எவரோடு நிற்பது என்பது மறுபாதி. அதற்கு ஈழத்தைக் காண்க. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. மீண்டும் எழுப்பப்பட்ட அந்நூலகத்திலேயே 2004ஆம் ஆண்டில் 'அகம் புறம்' என்னும் ஓவியக் காட்சி நடந்தது. போருக்குத் தப்பிய சிறுசிறு பொருள்களை மக்களின் வீடுகளினின்று திரட்டி, அவற்றையே காட்சியாக்கினார் ஓவியர் தா. சனாதனன். எரிந்த இடத்திலேயே காட்சி. இழந்தவர் கைப்பொருளே காட்சிப்பொருள். பெயரோ பழந்தமிழ்ப் பொருளிலக்கணம் தந்த பெயர்! வாயிலில் வந்து நின்ற எளிய மகனுக்கும் அப்பெயர் அயலாகத் தோன்றியிராது.

இனித் தாம்பரத்துக்கு வருக. 2015ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாளன்று தொடங்கி மறுநாட் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரைபுரண்டது. முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கின. தெருக்களிற் படகு சென்றது. 2023ஆம் ஆண்டு திசம்பரில் வந்த மிக்சாம் புயலின்போது பள்ளிக்கரணையும் முடிச்சூரும் மீண்டும் நீரில் நின்றன. சதுப்பும் ஏரியும் நீர் தங்குமிடங்கள். அவற்றை மனைகளாக்கியபின் நீர் வீடுகளில் தங்காமல் வேறெங்கே தங்கும்?

அன்று சுவரில் நின்ற நீர்க்கோட்டைப் புதுச் சுண்ணாம்பு மறைத்துவிடும். பின்னர் அங்கு மனை வாங்க வருவோனுக்கு அக்கோட்டைக் காட்டுவார் யார்? மறதியால் ஆதாயம் பெறுவோன் மனை விற்பவன். அம்மறதிக்கு விலை கொடுப்போன் கடன்பட்டு வீடு கட்டுபவன். ஆதலின் வெள்ள நினைவைக் காத்தல் உயிர்காக்கும் பணியேயன்றி வெறும் பொழுதுபோக்கன்று.

எனவே தென்புறநகர் ஓவியர் கூடி வெள்ளக் காட்சி ஒன்றை ஆண்டுதோறும் நடத்துதல் வேண்டும். அது நகர நடுவிலுள்ள குளிர்ந்த கூடத்தில் அடைபடாமல் முடிச்சூர்ப் பள்ளியிலும் பள்ளிக்கரணைத் தெருவிலும் நடைபெறுக. நனைந்து கிழிந்த பாடநூலும் பங்கீட்டு அட்டையும் ஓவியத்தினருகே இடம்பெறுக. எந்தத் தெருவில் எத்துணை உயரம் நீர் நின்றது என்பதைச் சுவரிலே வண்ணக்கோடாக வரைந்து காட்டுக. ஒவ்வொரு படத்தின்கீழும் பெயரும் விளக்கமும் தமிழில் அமைக. ஆங்கிலச் சீட்டு மட்டும் தொங்குமாயின், வெள்ளத்தில் வீடிழந்தவளே தன் துயரத்தின்முன் எழுத்தறியாதவளாய் நிற்க நேரும். அது கலைக்கும் இழுக்கு, மொழிக்கும் இழுக்கு.

துன்பத்தை வரைந்து காட்டுதல் ஆறிய புண்ணைக் கிளறுவதாகாதோ எனச் சிலர் வினவலாம். புண் ஆறிற்று என்பதை முதலில் மெய்ப்பிக்க வேண்டுமன்றோ! நீர்வழி அடைபட்டிருக்குமளவும் அது வாய்மூடிய புண்ணேயன்றி ஆறிய புண்ணன்று. கலை பரப்புரையாகத் தாழ்ந்துவிடும் என்பாரும் உளர். நடுகல்லை வெட்டிய சிற்பி நடந்ததைத்தான் வெட்டினான். ஆயினும் அக்கல்லின் அழகு இன்றளவும் குன்றவில்லை. உண்மையைச் செம்மையாகக் காட்டும் கை தாழ்வதில்லை.

வண்ணமும் தூரிகையும் ஓவியரிடம் உள்ளன. சுவர்கள் ஊராரிடம் உள்ளன. எழுதுதற்குத் தமிழ் உள்ளது. அடுத்த கார்மழைக்கு முன்னரே இம்மூன்றும் ஒன்றுகூடுக!