குட்டைக்கு விஷம் எதற்கு?

மாணவ நண்பர்களே, வைகை அணைக்குச் சுற்றுலா சென்றவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அணை அது. பூங்காவையும் மதகுகளையும் பார்த்திருப்பீர்கள். வழியில் ஆண்டிபட்டி, தேனிப் பக்கத்துத் தோட்டங்களில் உள்ள சிறு குட்டைகளைப் பார்த்தீர்களா? பயிருக்குத் தண்ணீர் இறைக்கவும், நாலு கெண்டை மீன் வளர்க்கவும் தோட்டக்காரர் வெட்டி வைத்திருப்பவை. அப்படி ஒரு குட்டையில் தண்ணீரே தெரியாமல் பச்சை இலையும் ஊதாப் பூவுமாக மூடிக் கிடந்தால், அழகாக இருக்கிறதே என்று தோன்றும். தோட்டக்காரருக்கோ வயிற்றெரிச்சல்.

அந்தச் செடிதான் வெங்காயத்தாமரை. காம்பு வெங்காயம்போல உப்பி, உள்ளே காற்று நிறைந்த அறைகளுடன் இருப்பதால் மிதக்கிறது. இதையே ஆகாயத்தாமரை என்றும் பலர் சொல்கிறார்கள். உண்மையில் ஆகாயத்தாமரை வேறு. அது சின்ன முட்டைக்கோஸ்போல இலை விரித்து மிதப்பது. வெங்காயத்தாமரையின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் பகுதி. அழகுச் செடியாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்கு வந்தது. 1936இல் இதை ஒழிப்பதற்கென்றே அங்கே தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று!

ஏன் இவ்வளவு பாடு? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். செழிப்பான நீரில் இச்செடி ஏறக்குறைய இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொள்வோம். இன்று 10 செடிகள். இரண்டு வாரத்தில் 20, நாலு வாரத்தில் 40. இருபதாவது வாரத்தில்? 10,240! இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. குட்டை பாதி மூடியிருக்கும்போது, "இன்னும் பாதி இருக்கிறதே, அறுவடை முடியட்டும்" என்பார் தோட்டக்காரர். அவருக்கு மிச்சமிருப்பது இரண்டே வாரம்.

மூடிய குட்டையில் சூரிய ஒளி இறங்காது. நீரில் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்ய முடியாது. பிராணவாயு குறையும், அதிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். சிலவகைக் கொசுக்களின் புழுக்கள் இவ்வேர்களைத் துளைத்து, அதிலிருந்தே காற்றை உறிஞ்சுகின்றன. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுக்களும் அவற்றுள் உண்டு.

இந்த நிலையில் தோட்டக்காரர் என்ன செய்கிறார்? களைக்கொல்லி வாங்கி வந்து தெளிக்கிறார். நான் வேண்டாம் என்கிறேன். காரணம் சொல்கிறேன், கேளுங்கள்.

வெங்காயத்தாமரை தானாகக் கொழுப்பதில்லை. வயலில் நாம் கொட்டிய யூரியாவும் பாஸ்பேட்டும், மாட்டுக் கொட்டகைக் கழிவும் மழைநீரோடு குட்டையில் இறங்குகின்றன. அதைத்தான் செடி தின்று வளர்கிறது. மருந்தடித்தால் செடி சாகும். ஆனால் அங்கேயே மூழ்கி அழுகும். அழுகலை உண்ணும் பாக்டீரியாக்கள் இருக்கிற பிராணவாயுவையும் தீர்த்துவிடும். மீன் செத்து மிதக்கும். தின்ற உரம் முழுவதும் திரும்ப நீரில் கரையும். சேற்றில் கிடக்கும் விதைகளோ பல ஆண்டுகள் உயிரோடு இருக்கக்கூடியவை. அடுத்த தலைமுறைச் செடிகளுக்கு நாமே விருந்து வைத்ததாகிறது. கையால் அள்ளி எடுத்தால் செடியோடு அந்த உரமும் கரையேறுகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தீர்களா?

இன்னொன்று. இத்தகைய மருந்துகளில் 2,4-டி என்பது பெயர்பெற்றது. அதன் சாரல் காற்றில் பறந்து அடுத்த வயலுக்குப் போனால் பருத்தியும் திராட்சையும் இலை சுருண்டுவிடும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விளைகிற பள்ளத்தாக்கில் இது விளையாட்டல்ல. குட்டை நிரம்பி வழிந்தால் அந்நீர் ஓடை வழியே எங்கே போகும்? மதுரை நகரத்துக்குக் குடிநீர் தருவது வைகை அணை.

வண்டுகளை விடலாமே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 1980களில் தென் அமெரிக்கக் கூன்வண்டுகளைத் தருவித்து, வேறு பயிரைத் தின்னாதா என்று சோதித்து, பெங்களூர் ஏரிகளில் விட்டார்கள். நல்ல பலன் கிடைத்தது. ஆனால் பலன் தெரியச் சில ஆண்டுகள் பிடிக்கும். ஏரிக்கு அது சரி. அரை ஏக்கர் குட்டைக்குக் காத்திருக்க முடியாது. புல்கெண்டை மீன் வேலம்பாசி போன்ற நீருக்குள் வளரும் களைகளைத் தின்னும். இதை அவ்வளவாகத் தொடாது. அதையும் வளர்ப்பதானால் நீர் வெளியேறும் வழியில் வலை கட்டியே தீரவேண்டும். 1952இல் நம் நாட்டுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை எத்தனை நீர்த்தேக்கங்களில் புகுந்துவிட்டது என்பதை மீன்காரரைக் கேளுங்கள்.

"ஆள் கூலி கட்டாதே!" என்று தோட்டக்காரர் சொல்வது நியாயம்தான். முழுக் குட்டையும் மூடிய பிறகு கட்டாது. ஆகவே நாள்தான் முக்கியம். பூ விடுமுன், பத்திருபது செடியாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் பெருகிவிட்டதானால் தேங்காய்நார்க் கயிற்றை நீர்மேல் மிதக்கவிட்டு, இரு கரையிலும் இருவர் பிடித்து இழுத்தால் செடிகள் ஒரு மூலைக்கு ஒதுங்கும். அள்ளியதை வாய்க்காலில் தள்ளிவிடுவது நம்மூர் வழக்கம். அது களையெடுப்பதல்ல, களையைப் பக்கத்துக் குட்டைக்கு அனுப்புவது. கரையில் நன்றாகக் காயவிட்டு, சாணத்தோடு கலந்து எருக்குழியில் போடலாம். செடியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். மலைபோல் குவித்ததும் சில நாளில் சிறு குவியலாகிவிடும்.

ஊரில் உங்கள் தாத்தாவுக்கோ மாமாவுக்கோ குட்டை இருந்தால், இந்த விடுமுறையில் நீர் வந்து விழும் வாயையும், காற்று ஒதுக்கும் மூலையையும் முதலில் பாருங்கள். முதல் செடி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.