தோட்டத்து மேடையை ஆய்வு செய்யப்போவது யார்?

பிள்ளை முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறான் என்றால் வீட்டில் மகிழ்ச்சி. நாடகத்தில், நடனத்தில் என்றதும், “அதைப் படித்து என்ன வேலைக்குப் போவது?” என்று கேட்டுவிடுகிறோம். நியாயமான கேள்விதான். பல ஆண்டு படிப்பு. விரிவுரையாளர் இடங்களும் அதிகமில்லை. ஆனால், அந்த ஆய்வு என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கிளந்தானின் மாக் யோங் நாட்டிய நாடகத்தை எடுத்துக்கொள்வோம். 1991இல் மாநில அரசு அதைப் பொது மேடையில் ஆடத் தடை விதித்தது. 2005இல் யுனெஸ்கோ அதை உலக மரபுக்கலையாக அறிவித்தது. இவை இரண்டுக்கும் முன்பே, 1976இல், ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் மாக் யோங் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றிருந்தார் குலாம் சர்வார் யூசோப். மேடை மூடப்பட்ட காலத்திலும் அந்தக் கலையின் அமைப்பு எழுத்தில் இருந்தது.

பங்சாவான் நமக்கு இன்னும் நெருக்கமானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவிலிருந்து பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து உருவான மலாய் நாடகம் அது. அதன் வரலாற்றை எழுதிய டான் சூய் பெங், பழைய நாளிதழ்களையும் இசைத்தட்டுகளையும் தேடிப்பிடித்தார். முதிய கலைஞர்களிடம் கேட்டறிந்தார். 1993இல் அது நூலாக வந்தது.

நம் பக்கம் நடனத்துக்கு ஓரளவு வழி பிறந்திருக்கிறது. மலேசியாவில் இந்திய நடனம் பற்றிப் பிரேமலதா தியாகராஜன் 2012இல் கலிபோர்னியாவில் முனைவர் பட்டம் பெற்றார். பரதத்துக்குப் பள்ளிகள், அரங்கேற்ற அழைப்பிதழ்கள், படங்கள் எல்லாம் உண்டு; ஆய்வாளர் தொடங்க ஓர் இடம் இருக்கிறது.

தோட்டத்து நாடகத்துக்கு அப்படி எதுவும் இல்லை என்பதுதான் சிக்கல். திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் பால் மரம் வெட்டிய கையோடு வசனம் மனப்பாடம் செய்து, ஆண்களே பெண் வேடம் கட்டி ஆடிய மேடை அது. எழுதிய பிரதி பெரும்பாலும் ஒரே நோட்டுப் புத்தகம்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தபோது அந்த நோட்டு எத்தனை வீடுகளில் பழைய பேப்பரோடு போனதோ! 1960களில் இளைஞராக வேடம் கட்டியவர்களுக்கு இன்று எண்பது வயது ஆகிறது. பதிவு செய்ய வேண்டுமென்றால் இவர்களிடம் இப்போதே போக வேண்டும்.

பல்கலைக்கழகத்திலும் ஒரு தடை உண்டு. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் தமிழிலேயே ஆய்வேடு எழுதலாம். ஆனால் தமிழ்த்துறை மாணவருக்குப் பழக்கம் வசனத்தைப் படிப்பது. ஒப்பனை, அசைவு, பாட்டு, கூட்டத்தின் கைதட்டல் ஆகியவற்றை ஆராயும் பயிற்சி நிகழ்கலைத் துறையில்தான் கிடைக்கும். அங்கோ, தோட்டத்துத் தமிழ் புரிந்த மேற்பார்வையாளர் வேண்டும். இரு துறையிலிருந்தும் ஆளுக்கொருவர் வழிகாட்டினால் இது நடக்கும். இரண்டு மேற்பார்வையாளர்கள் இருப்பது பல்கலைக்கழகங்களில் புதிதல்ல. விண்ணப்பிக்கும் மாணவர் முதல் நாளே கேட்கலாம்.

அதற்கு முன், உங்கள் தாத்தாவிடம் நாடக நோட்டு இருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் யார் எந்த வேடம் என்று அவரைக் கேட்டு எழுதி வையுங்கள்.